வக்கீல் கொலை செய்யவில்லை

எங்கள் ஊரில் பதினேழு பேர் ஒரு வக்கீலுக்காகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தோம். அவர் கொலை செய்யவில்லை என்பதுதான் சத்தியம். அந்த வக்கீல் நிஜ ஆள் இல்லை, ஒரு மர்மத் தொடர்கதையில் வருகிறவர். கதையை எழுதியவரோ வக்கீல்தான் கொலைகாரர் என்று கையில் விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார். எழுதியவருக்கு என்ன தெரியும் என்று நாங்கள் இருந்தோம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. கேரள எல்லைக்குள், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே நெல்லும் தென்னையுமாக இருந்த எங்கள் பக்கத்தில், வியாழக்கிழமை கோயமுத்தூர் பஸ்ஸில் வரும் வாரப்பத்திரிகையை வாங்குகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அதில் ஓடிய அந்த மர்மக்கதையைப் பற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் டீக்கடை டீக்கடையாகப் பேச்சு. எங்கள் ஊரில் மட்டும் யாருக்கும் ஒரு வரி தெரியாது. காரணம் என் அப்பா.

தொடர்கதையை வாராவாரம் படித்தால் பெண்களுக்குப் புத்தி நாலாபக்கமும் ஓடும், அடுப்பில் சோறு தீயும் என்பது அப்பாவின் கட்சி. அதனால் பத்திரிகை வந்ததும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். ஸ்கேலை வைத்துத் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, மிச்சத்தை எங்களிடம் கொடுப்பார். கதை முடிந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து பைண்டு பண்ணி ஒரேயடியாகப் படித்துத் தொலைக்கலாம், ஒரு வாரம் சோறு தீய்ந்தால் போதும் என்று கணக்கு. அவர் கதை படிக்கிறவர் இல்லை. செய்தித்தாளும் பஞ்சாங்கமும் போதும் அவருக்கு.

கிழிப்பதோடு விட்டாரா என்றால் இல்லை. அந்தக் கதைக்குப் படம் போட்டவர் ரவிக்கைத் துணியில் ரொம்பச் சிக்கனம் பிடிக்கிறவர். அப்பா பிளேடை எடுத்துப் படத்தை மட்டும் சதுரமாக வெட்டி எறிந்துவிடுவார். படத்துக்குக் கீழேதான் அத்தியாயத்தின் எண் இருக்கும், அதுவும் படத்தோடு போய்விடும். படத்தின் பின்பக்கம் இருந்த பத்துப் பன்னிரண்டு வரிகளும் போய்விடும். கதையில் வாரத்துக்கு ஒரு ஜன்னல் விழுந்தது.

நாற்பத்து மூன்றாவது வாரம் கதை முடிந்தது. கிழித்த தாள்களை அண்ணன் கயிற்றால் கட்டிச் சைக்கிள் கேரியரில் வைத்து, பைண்டு பண்ணச் சித்தூருக்குக் கொண்டுபோனான். வாய்க்கால் மேட்டில் கயிறு அவிழ்ந்து அத்தனை தாளும் காற்றில் பறந்து நடவு வயலில் விழுந்தது. பாலக்காட்டுக் காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பொறுக்கிக் கொடுத்ததை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் பைண்டரிடம் நீட்டிவிட்டு, வீட்டில் மூச்சுவிடாமல் இருந்துவிட்டான். பைண்டர் மலையாளி, தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, ஆனால் தொழிலில் சுத்தமான மனுஷன். பக்கங்கள் கலைந்து கிடக்கின்றன என்று கண்டுபிடித்தவர், ஒவ்வொரு தாளின் அடியிலும் இருந்த பத்திரிகையின் பக்க எண்ணைப் பார்த்துச் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரை பொறுமையாக அடுக்கிவிட்டார். ஒரு வாரம் கதை எட்டாம் பக்கத்தில் வந்திருக்கும், இன்னொரு வாரம் ஐம்பதாம் பக்கத்தில். அது அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணனிடம், எல்லாம் கலைந்து கிடந்தது, நான் சரியாக்கியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினாராம்.

இப்படியாக, அப்பாவின் பிளேடும் அண்ணனின் கயிறும் பைண்டரின் நேர்மையும் சேர்ந்து ஒரு புது நாவலை எழுதி முடித்தன. பச்சைக் காலிகோ அட்டை போட்டு வந்து சேர்ந்த அதுதான் முறையான கதை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

கதை இதுதான். மலைமேல் ஒரு பங்களா. அதில் பணக்காரப் பெரியவர் ஒருவர். அவரைச் சுற்றி டாக்டர், நர்ஸ், அண்ணன் மகன், டிரைவர், சமையல்காரர், வக்கீல். புத்தகத்தின் மூன்றில் ஒரு பங்கு தாண்டும்போதே போலீஸ் வந்து வக்கீலுக்கு விலங்கு மாட்டும், கீழே கொட்டை எழுத்தில் 'முற்றும்' என்று இருக்கும். பக்கத்தைப் புரட்டினால் அதே வக்கீல் சுருட்டுப் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார். பெரியவர் செத்துக்கிடப்பார், இருபது பக்கம் கழித்து மாடிப்படி இறங்கி வந்து பேப்பர் கேட்பார். மறுபடி செத்துக்கிடப்பார். கடைசிப் பக்கத்தில் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொல்லுவார். அதற்குக் கீழே 'தொடரும்' என்று இருக்கும்.

நான் முதல்முறை படித்து முடித்துவிட்டு அட்டையை மூடியபோது எனக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது. அண்ணன் மனைவி, என் அண்ணி, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள், நாலு தொடர்கதை பார்த்தவள். அவளே, இந்த மாதிரி ஒரு எழுத்தாளன் இனிமேல் பிறந்து வந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அலமாரி விஷயம் வந்தது. மெயின் ரோட்டில் எங்கள் ஊர் வாசகசாலை இருந்தது. அலமாரி அலமாரியாக மலையாளப் புத்தகம். தமிழ் என்று பார்த்தால் உரம் போடுவது பற்றி ஒரே ஒரு புத்தகம், அதிலும் பாதியைக் கரையான் படித்துவிட்டிருந்தது. வாசகசாலைக்குச் செக்ரட்டரி ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், எல்லோருக்கும் மாஷ். நானும் அண்ணியும் போய்த் தமிழுக்கு ஓர் அலமாரி கேட்டோம். தமிழ் வாசகர்கள் பதினைந்து பேராவது கூடி ஒரு புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லட்டும், அதைக் கமிட்டி பார்க்கும், பிடித்திருந்தால் அலமாரி உண்டு என்றார். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் யாராவது அங்கே உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்க வேண்டும், அப்படி உட்காருகிறவரிடம்தான் சாவி இருக்கும் என்றும் சொன்னார்.

எனக்கு அந்தச் சாவி வேண்டும் என்று அந்த நிமிஷமே ஆசை பிடித்துக்கொண்டது. பத்தாவது முடித்து மூன்று வருஷமாக வீடு, மாட்டுக்கொட்டகை, களம், வீடு என்று இருந்தேன். சாவி கையில் இருந்தால் வாரத்துக்கு இரண்டு நாள் தலைசீவி, செருப்பு மாட்டி, ஒரு காரியத்துக்காகத் தெருவில் நடக்கலாம். இதை இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் நெஞ்சு குறுகுறுக்கிறது. அப்பாவிடம் அண்ணிதான் கேட்டாள். "மொதல்ல கூட்டம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். ஆனாலும் வாயைத் திறந்து முடியாது என்று சொல்லவில்லையே என்று நான் பிடித்துக்கொண்டேன்.

பதினைந்து பேர் வேண்டும், புத்தகம் ஒன்றுதான். வீட்டுக்கு மூன்று நாள் என்று முறை வைத்தோம். அதற்கு முன்னால், இன்னும் ஏதாவது அசிங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அப்பா ஒரு வாரம் புத்தகத்தைத் தன் கட்டிலடியில் வைத்திருந்தார். பிறகு அது ஊருக்குள் இறங்கியது. ஊர் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பால் சொசைட்டியில் வரிசை நிற்கும் பெண்கள் பாலை ஊற்றிவிட்டும் நகராமல் நின்றார்கள். பெரியவர் இரட்டைப் பிள்ளை, ஒருவர் சாகச் சாக இன்னொருவர் வருகிறார் என்றாள் அண்ணி. அப்படியானால் மூன்று பேர் வேண்டும், அவர் மூன்று தடவை சாகிறார் என்று ஒருத்தி எண்ணிச் சொன்னாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அண்ணி படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, அந்த வீட்டில் யாருக்கும் ஒழுங்காக நாடி பார்க்கத் தெரியவில்லை என்று டாக்டர் உள்பட அத்தனை பேரையும் வைதாள்.

வக்கீல் விஷயத்தில் மட்டும் ஒருத்தருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. அவரைப் பிடித்துக்கொண்டுபோய், குற்றம் நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்து சுருட்டு எப்படிப் பிடிப்பார்? கொன்றவர் வேறு ஆள்.

யார் என்பதில்தான் சிக்கல். முறை வராதவர்கள் காதில் பதில் விழுந்துவிடக் கூடாது. வாய் அரிக்கிறது, சொல்லவும் முடியாது. இதற்கு வழி கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் மாட்டுத் தரகர். வேலந்தாவளம் சந்தையில் அவர் போடாத துண்டு இல்லை. துண்டுக்கு அடியில் இரண்டு பேர் கை போய், விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள், சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவரும் ஐந்தாவது வரை படித்தவர், எங்கள் கதையை மாட்டுக்குச் சுழி பார்ப்பது போலப் பக்கம் பக்கமாகத் தடவிப் படித்தவர்.

"மாட்டு வெலைய வாயில சொன்னா யாவாரம் செத்துச்சுங்க, கொலகாரன வாயில சொன்னா கத செத்துச்சுங்க" என்றார். "ரெண்டுக்கும் துண்டுதானுங்க மருந்து."

டாக்டருக்கு ஒரு விரல், நர்ஸுக்கு இரண்டு, அண்ணன் மகனுக்கு மூன்று, டிரைவருக்கு நான்கு, சமையல்காரருக்கு முழுக்கை. வக்கீலுக்கு விரல் கிடையாது. ஆண்களுக்குத் தரகரின் துண்டு, பெண்களுக்கு அண்ணியின் முந்தானை. சந்தைக்குப் போகிற வண்டியிலும், களத்து மேட்டிலும், குழாயடியிலும் ஆட்கள் பேசாமல் கையைத் துணிக்குள் விட்டுப் பிடித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். வெளியூர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் இந்த ஊரில் மனுஷர்களையே விற்கிறார்கள் என்று நினைத்திருப்பான். நான் அண்ணியின் முந்தானைக்குள் ஒரு விரல் பிடித்தேன். டாக்டர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. வந்திருந்த வாசகர்களை எண்ணினேன், பதினாறு பேர். அப்பாவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகள் எந்தக் கூட்டத்தில் பேசுகிறாள் என்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, அவரை எண்ணவில்லை. மாஷ் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தார். பக்கத்தில் ஒரு புதுமுகம், அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த தமிழ் வாத்தியார், கோயமுத்தூர்க்காரர்.

"மோளே, கத சுருக்கமா பறயணும்" என்றார் மாஷ்.

நான் எழுந்து சொன்னேன். செத்தவர் வருவதையும், நடுவில் முற்றும் போட்டு நம்மை ஏமாற்றிவிட்டுத் திரும்பத் தொடங்குவதையும், காப்பியோடு தொடரும் என்று நிறுத்துவதையும் சொல்லி, நேர்க்கோட்டில் கதை சொல்லும் பழைய பழக்கத்தை இந்த ஆசிரியர் உடைத்தெறிந்துவிட்டார் என்று முடித்தேன். உடைத்தெறிந்துவிட்டார் என்ற சொல்லை நாலு நாள் கிணற்றடியில் சொல்லிப் பழகியிருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். வாத்தியார் தட்டவில்லை. அவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார், அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"இது பைண்டிங் தப்புங்க. இந்தக் கதைய நான் வாராவாரம் படிச்சவன். கீழ பாருங்க, எட்டாம் பக்கம், மறுபடி எட்டு, அப்பறம் ஒம்போது. வாரம் பாத்து அடுக்காம பக்கம் பாத்து அடுக்கி வெச்சிருக்காங்க. பெரியவரு மூணாவது வாரமே செத்துட்டாருங்க, கொன்னது வக்கீலுங்க, அதோட கத முடிஞ்சுதுங்க."

வாசகசாலையில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்பும் எழுந்ததில்லை, பின்பும் எழுந்ததில்லை. கோர்ட்டே விட்டுவிட்ட ஆளை இவர் எப்படிச் சொல்லலாம் என்று பால் சொசைட்டிப் பெண்கள் ஒன்றாகக் கிளம்பினார்கள். நான் மட்டும் வாத்தியார் விரித்துப் பிடித்த பக்கங்களின் அடியில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு, எட்டு, ஒன்பது. அவர் சொன்னது அத்தனையும் சரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. சாவி போயிற்று, உடைத்தெறிந்துவிட்டார் என்று வேறு சொல்லித் தொலைத்தேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முறைப்படி படிக்காத புத்தகத்துக்கு அபிப்பிராயம் உண்டா என்று மாஷ் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். வாத்தியார் ஒரு தாளில் இருந்த சதுர ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டி, அத்தியாய எண்ணையெல்லாம் வெட்டியது யார், அது இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காதே என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அண்ணியும் தரையைப் பார்த்தாள். கடைசி பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது.

"நாந்தானுங்க வெட்டுனனுங்க" என்றார் அப்பா.

அவர் எதற்கு வெட்டினார் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு வாத்தியாரைப் பார்த்தார்.

"நீங்க சொல்ற வரிசைல பாத்தா அந்தப் பெரியவரு மூணாவது வாரமே செத்துப் போறாருங்க. அப்பறம் நாப்பது வாரம் பொணத்தப் பத்தின பேச்சுத்தானுங்களே. எங்க பொஸ்தகத்துல மனுசன் கடைசி வரைக்கும் வந்து போறாருங்க. அந்தப் பங்களாவுல வெவரமாப் பேசற ஆளே அவரு ஒருத்தருதானுங்க. அவரக் கொன்னுபோட்டு என்னத்தப் படிக்கறதுங்க?"

எனக்குக் கேட்டது புரியச் சற்று நேரம் ஆயிற்று. கட்டிலடியில் ஒரு வாரம் இருந்த புத்தகத்தை அப்பா படித்திருக்கிறார். அசிங்கம் தேடிப் படிக்கவில்லை, கதையைப் படித்திருக்கிறார். தரகருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து, இவரு சந்தையில் என் துண்டுக்கடியில் ரெண்டு விரல் பிடிச்சு ஒரு மாசம் ஆச்சுங்க என்று போட்டு உடைத்தார். ரெண்டு விரல் என்றால் நர்ஸ். கூட்டம் முழுக்கத் திரும்பி அப்பாவைப் பார்த்தது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வெட்கப்படுவது போல அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

மாஷ் பேனாவை மூடினார். இத்தனை வருஷமாக அங்கே நடந்த கூட்டங்களில் எல்லோரும் நல்ல புத்தகம் என்று சொல்லிச் சாயா குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், ஒரு புத்தகத்துக்காகச் சண்டை பிடித்தவர்களை அன்றுதான் பார்ப்பதாகச் சொன்னார். கமிட்டியிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

"அலமாரி தராம். சாவி ஆரு வைக்கும்?"

நான் விக்கலை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்பா ஊட்டுக்குப் போய் ரோசன பண்ணிச் சொல்றனுங்க என்று கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. வாய்க்கால் மேட்டில் அப்பா முன்னால் போக, பத்தடி பின்னால் நானும் அண்ணியும். எங்கள் நடையே எப்போதும் அப்படித்தான், அவர் முதுகைப் பார்த்தே ஊர் ஊராகப் போயிருக்கிறோம். பாதி வழியில் அவர் நடை தளர்ந்தது. நாங்கள் பக்கத்தில் வரும்வரை மெதுவாக நடந்தார்.

"ஏனம்மிணி, கொன்னது ஆருன்னு நீ நெனைக்கற?"

அதற்கு முன்னால் அப்பா என்னிடம் கேட்டதெல்லாம் மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, அம்மா எங்கே போனாள் என்பது போலத்தான். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. அண்ணி என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். இரண்டு விரலால் கிள்ளினாள். நர்ஸ் என்று சொல்லிவிட்டால் அப்பா குளிர்ந்துவிடுவார், சாவி என் கைக்கு வந்துவிடும், அது எனக்கும் தெரியாமல் இல்லை.

"டாக்டருங்கப்பா" என்றேன்.

"எப்படிச் சொல்ற?"

மருந்துப் பாட்டிலை மாற்றி வைத்தது டாக்டர் என்றேன். பாட்டிலை எடுத்துக்கொடுத்தது நர்ஸ் என்றார். அவளுக்குப் பெரியவர் செத்தால் என்ன லாபம் என்று கேட்டேன். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதைப் பெரியவர் தடுத்தார், நீ சரியாகப் படிக்கவில்லை என்றார். அப்படி ஒரு வரியே புத்தகத்தில் இல்லையே, நீங்கள் வெட்டி எடுத்த படத்தின் பின்பக்கம் இருந்திருக்கும், நான் எப்படிப் படிப்பது என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் பேசுகிறேன் என்று உறைத்தது. அண்ணி இருமினாள். அப்பா மறுபடி வேகமாக முன்னால் போய்விட்டார். சாவியை என் வாயாலேயே தொலைத்துவிட்டேன் என்று வீடு வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு நடந்தேன்.

வாசல் படலைத் திறந்துகொண்டு அவர் எங்களுக்காக நின்றிருந்தார்.

"வாரத்துக்கு ரெண்டு நாள்னா செவ்வாயும் வெள்ளியும் வெச்சுக்க. வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும்."

சரிங்கப்பா என்று அண்ணிதான் எனக்கும் சேர்த்துச் சொன்னாள். அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே இரண்டடி வைத்தவர், நின்று திரும்பினார்.

"ஆனா நர்ஸுதான்" என்றார்.